அரைக்கால் நாள்: தோற்றமும் பரவலும்

கட்டுமான சைட் அலுவலகங்களில் அட்டவணை மென்பொருளின் 'டியூரேஷன்' பத்தியில் 0.88 என்றோர் எண் தானாக முளைப்பதுண்டு. காலையில் தொடங்கி மாலையில் முடிகிற முழு நாள் வேலைதான், எழுதியிருப்பதோ 0.88. பத்து நாள் வேலையாக இருந்தால் 9.88. இதைப் பிளானிங் இன்ஜினியர்கள் 'சாஃப்ட்வேர் தப்பாப் போடுது' என்ற ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்கள். அவ்வளவு எளிதில் கடக்கத் தக்க பொருள் அன்று இது என்பதே நம் துணிபு.

முதலில் எண்ணின் குலம் அறிவோம். 0.88 என்பது திரையின் திரிபு. உண்மையில் அது 0.875. அதாவது முக்காலே அரைக்கால். ஆகவே காணாமற்போனது அரைக்கால் நாள். எட்டு மணி நாளில் அரைக்கால் என்பது சரியாக ஒரு மணி நேரம். சில அலுவலகங்களில் இதே நோய் 0.94 என்று வெளிப்படும். அங்கே போனது அரை மணி, அதாவது ஒரு வீசம். மிஞ்சியது முக்காலே மூணு வீசம். 'வேலை எவ்வளவு முடிஞ்சுது?' என்று கேட்டால் மேஸ்திரி பல காலமாகச் சொல்லி வருகிற விடையை மென்பொருள் தானே கண்டடைந்திருப்பது வியப்புக்குரியது.

கணக்கில் பிழை இருக்கலாமே என்பார் ஒரு சாரார். அது பொருந்தாது. என்னை? 1957-இல் டூபாண்ட் நிறுவனத்தின் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் கெல்லியும் வகுத்த கிரிட்டிகல் பாத் முறையே இம்மென்பொருளுக்கும் அடிப்படை; அதில் உள்ள கணக்கு, முன்னோக்கிக் கூட்டிப் பெரியதை எடுப்பது, பின்னோக்கிக் கழித்துச் சிறியதை எடுப்பது, அவ்வளவே. ஆரம்பப் பள்ளிக் கணக்கு. இதில் தவறுவதற்கு மென்பொருளுக்கு வாய்ப்புக் குறைவு, மனிதருக்கே உண்டு.

பின் பிழை எங்கே? நாளில். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் நாள் இரண்டு இடங்களில் வசிக்கிறது. ஒன்று காலெண்டர், வேலை எப்போது நடக்கும் என்பதை அது சொல்லும். மற்றொன்று ஆப்ஷன்ஸ், நாளுக்கு எத்தனை மணி, வெறும் தேதியைத் தட்டினால் அது எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிவதாகக் கொள்வது என்பதை அது சொல்லும். இரண்டும் ஒன்றையொன்று கலந்து பேசுவதில்லை. மென்பொருள் பிறந்தபடியே இருந்தால் சண்டையில்லை: இரண்டிலும் 8 முதல் 12, 1 முதல் 5. ஒவ்வொரு பாதியும் 4 மணி, அதாவது 10 நாழிகை, அதாவது ஒரு சிறுபொழுது. நம் மரபு நாளை ஆறு சிறுபொழுதாக வகுத்தது; மைக்ரோசாஃப்ட் இரண்டை மட்டும் ஏற்று, யாமத்தையும் வைகறையையும் ஓவர்டைமில் தள்ளியது என்க.

இனி சைட்டுக்கு வருவோம். இங்கே வேலை 9 முதல் 6. கடமையுணர்வுள்ள இன்ஜினியர் காலெண்டரைத் திறந்து 9 முதல் 1, 2 முதல் 6 என்று மாற்றுகிறார். ஆப்ஷன்ஸ் பக்கம் ஒன்று உண்டென்பதை அவருக்கு யாரும் சொன்னதில்லை. தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் கையால் தட்டுகிறார். முடிவுத் தேதி என்றால் மாலை 5 மணி என்று ஆப்ஷன்ஸ் சொல்கிறது. தொடக்கம் 9 என்று காலெண்டர் சொல்கிறது. உணவு இடைவேளை போக, இடையே ஏழு மணி நேரம். ஏழை எட்டால் வகுத்தால் நம் ஆய்வுப் பொருள்.

இது பரவும் விதம் இன்னும் நுட்பமானது. அடுத்த வேலை அன்றைக்கே மாலை 5 மணிக்குத் தொடங்கி, மறுநாள் மாலை 5 மணிக்கு முடிகிறது. ஒரு நாள் வேலைக்கு இரண்டு தேதி. திரையில் தேதி மட்டும் தெரிவதால் மணி ஒளிந்துகொள்கிறது. தேதி வடிவத்தை மாற்றி மணியையும் காட்டச் செய்தால் 5:00 என்பது வரிக்கு வரி பல்லிளிக்கும். நோயறிய இதைவிட விரைவான சோதனை இல்லை. எனினும் பத்தி அகலமாகிவிடும், ஏ3 தாளில் அடங்காது என்ற காரணத்தால் இது பெரும்பாலும் செய்யப்படுவதில்லை.

மாதத்தின் நிலை நாளினும் கேடானது. ஆப்ஷன்ஸில் மாதத்துக்கு 20 நாள். ஐந்து நாள் வாரத்துக்கு அது ஒருவாறு ஒக்கும். ஞாயிறு மட்டும் விடுமுறையான சைட்டில், ஒப்பந்தத்தில் உள்ள 12 மாதத்தை அப்படியே '12 மாதம்' என்று அடித்தால் 240 வேலை நாள்; வாரத்துக்கு ஆறாக 40 வாரத்தில் கட்டடம் எழுந்துவிடும். ஒரு தாய் பிள்ளை சுமக்கும் காலம்! இந்த அட்டவணையை எந்த மேலாளரும் பிழை என்று திருப்பி அனுப்பியதாகத் தெரியவில்லை.

கான்கிரீட்டோ வேறு சமயம். சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள் நீராட்ட வேண்டும் என்பது இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456. அதை '7 நாள்' என்று மட்டும் எழுதினால் ஞாயிறன்று கான்கிரீட்டும் லீவு எடுத்து எட்டாம் நாள்தான் இறுகி முடியும். 'எலாப்ஸ்டு' நாள் என்று குறித்தால்தான் அது இரவும் ஞாயிறும் பாராமல் இறுகும்.

தேதியைக் கையால் தட்டுவதில் இன்னொரு கேடும் உண்டு. தொடக்கத் தேதியைத் தட்டிய கணமே 'இதற்கு முன் தொடங்காதே' என்ற கட்டுப்பாடு சத்தமில்லாமல் ஏறிக்கொள்ளும். முந்தைய வேலை ஒரு வாரம் முன்னதாக முடிந்தாலும் இந்த வேலை நகராது. ஓரத்தில் முளைத்த குட்டிக் காலெண்டர் படத்தை அழகுக்கு என்று நினைத்திருப்பார்கள். நம் ஆய்வில், இந்தத் தேதிதான் என்று அடித்துப் பூட்டத் தகுதியுள்ள வேலை சைட்டில் ஒன்றே: பூமி பூஜை. மற்றவற்றுக்கு முகூர்த்தம் கிடையாது. இணைப்புக் கொடுத்தால் போதும்.

பரிகாரம் யாது? காலெண்டரில் மாற்றியதை ஆப்ஷன்ஸிலும் மாற்றுக என்பதே. அதைத் திட்டம் தொடங்குமுன் செய்ய வேண்டும் என்பதுதான் சிக்கல். இடைவேளை போக ஒன்பது மணி நேரம் ஓடும் சைட்டில் நடுவில் விழித்துக்கொண்டு 'நாளுக்கு 8 மணி' என்பதை 9 ஆக்கினால், உள்ளே இருக்கும் நிமிடங்கள் மாறா. 10 நாள் என்று எழுதிய வேலைகள் எல்லாம் 8.89 நாள் என்று முகம் மாறும். ஒவ்வொன்றாகத் திரும்ப அடிக்க வேண்டும். ஐந்நூறு வரி அட்டவணையில், நாளைக் காலை ரிவ்யூ மீட்டிங்கை வைத்துக்கொண்டு, அதைச் செய்வார் அரியர். களத்தில் வழக்காறு வேறு: அனைத்தையும் எக்செலுக்கு ஏற்றி, புள்ளிக்குப் பிந்தியதை வெட்டி, பச்சை வண்ணம் பூசி கிளையன்ட்டுக்கு அனுப்புவர். கிளையன்ட் தரப்பு இன்ஜினியரும் அதைத் தம் ப்ராஜெக்டில் தேதி தேதியாகத் தட்டி ஏற்றுவார். அவருடைய காலெண்டர் 9 முதல் 6.