இன்மை அளவை: விழுப்புரம் – திண்டிவனம் வழித்தடத்தில் வோல்டேஜ் பார்த்தல் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வு என்றால் முதலில் எல்லை வகுக்க வேண்டும். தெற்கெல்லை விழுப்புரம் சந்திப்பு, வடக்கெல்லை திண்டிவனம். நடுவில் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம். மல்டிமீட்டரில் வோல்டேஜ் பார்ப்பதைப் பற்றி எழுத இந்த வழித்தடம் எதற்கு, சென்னை ரிச்சி தெருவில் உட்கார்ந்து எழுதினால் ஆகாதா என்று கேட்பவர்களுக்கு ரயில்வே ஆவணமே பதில் சொல்கிறது. விழுப்புரம் சந்திப்பின் நிலையக் குறியீடு வி.எம். வோல்ட் மீட்டரின் சுருக்கமும் அதுவே. திண்டிவனத்தின் குறியீடு டி.எம்.வி. இதை ‘டிஜிட்டல் மீட்டர், வோல்டேஜ்’ என்று விரிப்பதே பொருத்தம். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் முதல் எழுத்து இடிக்கிறதே என்பார்கள். தமிழில் எழுதினால் இடிக்கவில்லை. தாய்மொழியில் ஆய்வு செய்வதில் இப்படிச் சில வசதிகள் உண்டு.

இரண்டு ஊரையும் நெடுங்காலம் இணைத்திருந்த ரயில் பாதையின் பெயரே மீட்டர் கேஜ். வண்டிப் பதிவெண்ணில் திண்டிவனம் 16, விழுப்புரம் 32, அதாவது சரியாக இரு மடங்கு. இதற்கு என்ன பொருள் என்று ஆய்வாளருக்குப் பிடிபடவில்லை என்றாலும், பொருளில்லாமல் இருக்காது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. 7 நிலக்கடலைக்கு இதில் பங்குண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.

இனி நூற்சான்று. விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூர், 13ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் வாழ்ந்த ஊர். அவருடைய மாணவர் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியார் சுபக்கத்தைத் தொடங்குவதே அளவையில்தான். எதைச் சொல்வதற்கு முன்னும் எப்படி அளந்தாய் என்று சொல்லிவிட வேண்டும் என்பது அந்த மரபு. காண்டல், கருதல், உரை என்று அளவை மூன்று. டெஸ்டரில் விளக்கு எரிவதைப் பார்த்துக் கரண்ட் இருக்கிறது என்பது காண்டல். ஃபேன் சுற்றவில்லை, பிரிட்ஜ் உறுமவில்லை, ஆகவே கரண்ட் இல்லை என்பது கருதல். “மெயின் ஆஃப் பண்ணிட்டேன் மாமா, தைரியமா தொடுங்க” என்று கீழேயிருந்து மச்சான் கத்துவது உரை. உரை அளவை கொள்ளத்தக்கதாக இருக்க, உரைப்பவர் குற்றமற்ற ஆப்தராக இருக்க வேண்டும் என்று சாத்திரம் நிபந்தனை போடுகிறது. மச்சான் எந்த மெயினை ஆஃப் செய்தான் என்பது சாத்திரத்தில் இல்லை.

நான்காவதாக ஒன்றைச் சிலர் சேர்ப்பார்கள். அபாவம், தமிழில் இன்மை. மணிமேகலையின் 27ஆம் காதையில் வரும் பத்து அளவைகளிலும் இதற்கு இடமுண்டு. ஒன்று இங்கே இல்லை என்பதை எப்படி அறிகிறோம்? இந்தக் கேள்வியைத் தத்துவவாதிகள் நூற்றாண்டுக் கணக்கில் திண்ணையில் உட்கார்ந்து விவாதித்தார்கள். ஸ்டூல் மேல் ஏறி, சுவிட்ச் போர்டைத் திறந்து வைத்துக்கொண்டு விவாதித்திருந்தால் விரைவாக முடிவுக்கு வந்திருப்பார்கள். பாதுகாப்பாக வோல்டேஜ் பார்ப்பதன் மொத்தச் சிக்கலும் இதுதான். மீட்டரில் 230 தெரிந்தால் எல்லாருமே எச்சரிக்கையாக இருக்கிறோம். ஆளைக் கவிழ்ப்பது பூஜ்யம்.

கருவியைப் பற்றிச் சிறிது. பிரிட்டிஷ் தபால் துறைப் பொறியாளர் டொனால்ட் மெக்கடி, ஒவ்வொன்றையும் அளக்க ஒவ்வொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிந்து சலித்துப்போய், ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அடைத்தார். அது 1923இல் ஏவோ மீட்டர் என்று விற்பனைக்கு வந்தது. கைக்கடக்கமான டிஜிட்டல் மீட்டர் 1970களில் பரவியது. இன்று சில நூறு ரூபாய் கொடுத்தால் எலக்ட்ரிகல் கடையில் மஞ்சள் நிறத்தில், 9 வோல்ட் பேட்டரியோடு, பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தருகிறார்கள். கடைக்காரர் அதை ‘மீட்டர்’ என்றுதான் சொல்வார். ஆட்டோவுக்கும் வீட்டு ரீடிங்குக்கும் இதற்கும் ஒரே சொல், குழம்பியவர் யாருமில்லை.

மீட்டரின் அடியில் மூன்று துளை. ‘காம்’ என்று எழுதிய துளையில் கறுப்பு வயர். அது நிரந்தரவாசி, இடம் மாறாது. சிவப்பு வயருக்கு இரண்டு வீடு. வோல்ட், ஓம் எழுதிய துளை ஒன்று. 10 ஆம்பியர் எழுதிய துளை மற்றொன்று. இரண்டாவது துளைக்குள் ஏறக்குறைய தடையே இல்லாத ஒரு தடித்த கம்பி இருக்கிறது. கரண்டைத் தன் வழியாக ஓடவிட்டு அளப்பது அதன் வேலை. சிவப்பு வயரை அதில் விட்டுவிட்டு முனைகளை பிளக் பாயிண்டில் செருகினால், அது வோல்டேஜ் பார்ப்பதாகாது. பேஸையும் நியூட்ரலையும் ஒரு கம்பியால் கட்டிவைப்பதாகும். மலிவு மீட்டரில் அந்தத் துளைக்குப் பக்கத்திலேயே ‘ஃபியூஸ் இல்லை’ என்று அச்சடித்திருப்பார்கள். ஆங்கிலத்தில், எறும்பு படிக்கும் அளவில்.

இங்கே ஆய்வாளர் தன்னையே சான்றாக வைக்க வேண்டியிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய சார்ஜர் எத்தனை ஆம்பியர் தருகிறது என்று பார்த்துவிட்டு, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, அதே மீட்டரை எடுத்து மிக்சி பிளக்கில் வோல்டேஜ் பார்த்தேன். டயலைச் சரியாகத் திருப்பினேன். சிவப்பு வயர் காலையில் குடியிருந்த வீட்டிலேயே இருந்தது. பட்டென்று ஒரு சத்தம், நீல வெளிச்சம். முனையின் செம்பு சுவரில் புள்ளி புள்ளியாகத் தெறித்தது. தெருக்கோடி வரை கேட்ட குரல் என்னுடையது என்று பிறகு சொன்னார்கள். வீட்டு பீஸ் போனதால் ஆய்வாளர் போகவில்லை. ஆக, டயலைப் பார்ப்பதற்கு முன் துளையைப் பார்க்க வேண்டும். ஆம்பியர் பார்த்து முடித்த கையோடு சிவப்பு வயரை அதன் பழைய வீட்டுக்குத் திருப்பிவிட வேண்டும்.

டயலில்தான் பொய்ப் பூஜ்யங்களின் முதல் வகை பதுங்கியிருக்கிறது. வீட்டு மின்சாரம் ஏசி, நெளிகோட்டுப் பக்கம். பேட்டரி, சோலார் பேனல் எல்லாம் நேர்கோட்டுப் பக்கம். நேர்கோட்டுப் பக்கத்தில் டயலை வைத்துவிட்டு வீட்டு பிளக்கைப் பார்த்தால், நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடும் மின்சாரத்தைக் கூட்டிக் கழித்துப் பூஜ்யத்தை ஒட்டி ஏதோ காட்டிவிட்டு மீட்டர் சும்மா இருக்கும். மீட்டர் பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். கேட்டவர் கையை வைத்தால் 230. அதுவும் ஆர்.எம்.எஸ். என்ற ஒருவகைச் சராசரிக் கணக்குத்தான். அலையின் உச்சியில் 325 வோல்ட். மிக உயர்ந்த வீச்சை, அதாவது 600 அல்லது 750ஐ முதலில் வைத்துப் பிறகு இறங்குவது மரபு. வீச்சு போதாவிட்டால் இடது ஓரத்தில் தனியாக ஒரு ‘1’ நிற்கும். அதை ஒரு வோல்ட் என்று படித்தவர்கள் உண்டு.

இரண்டாம் வகை இன்னும் நுட்பமானது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. வழித்தடம் முழுக்கத் தண்ணீர். அப்படியான மழைக்குப் பின் கம்பத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்து கிடக்கலாம். அப்போது பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் மீட்டர் வைத்தால் ஒழுங்கான அளவு வராது. லைட்டும் எரியாது. காண்டல், கருதல் இரண்டும் இல்லை என்றே சொல்லும். பேஸில் மட்டும் முழு மின்சாரம் காத்திருக்கும். ஆகவே ஒரு பிளக் பாயிண்டை மூன்று முறை கேட்க வேண்டும்: பேஸுக்கும் நியூட்ரலுக்கும், பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும். முதல் இரண்டும் 207இலிருந்து 253க்குள்ளும், கடைசி ஓரிரு வோல்ட்டிலும் இருந்தால் நலம். நியூட்ரல் தெருவிலேயே அறுந்திருந்தால் சில வீடுகளில் 300ஐத் தாண்டும். அந்த வீட்டு டிவிக்கு அதுவே கடைசி நிகழ்ச்சி.

இதற்கு நேர்மாறானது, இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. சைவ நூல்களில் திரிபுக் காட்சி. திண்டிவனம் என்ற பெயர் திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்பதிலிருந்து வந்தது என்பர். புளியமரத்தில் பேய் இருக்கும் என்பது தமிழர் ஒருமித்து ஏற்றுக்கொண்ட சில செய்திகளில் ஒன்று. மின்துறையிலும் பேய் வோல்டேஜ் என்ற பெயர் உலகெங்கும் வழங்குகிறது. ஒரே பைப்புக்குள் உயிருள்ள வயரோடு உறங்கும் வெட்டிவிட்ட வயரில் மீட்டர் வைத்தால் 40, 80, சில வேளை அதற்கும் மேலே காட்டும். பக்கத்து வயரின் மின்புலம் இதன் மேல் படிகிறது, அவ்வளவுதான். இதில் வேடிக்கை, மீட்டர் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு பேய் தெரியும். நல்ல மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம் என்பதால் அந்தத் துளி மின்சாரத்தையும் தின்னாமல் அப்படியே காட்டிவிடும். மலிவு மீட்டரின் தடை குறைவு. அது பேயைப் பாதி தின்றுவிடும். குறைதடை முறை உள்ள மீட்டரில் அந்த முறைக்குத் திருப்பினால் பேய் இறங்கிவிடும், உண்மையான மின்சாரம் இறங்காது. இறங்குகிறதா என்று பார்க்காமலே “அது சும்மா பேய் வோல்டேஜ் சார்” என்று கையை நீட்டுபவர், புளியமரத்தடியில் நள்ளிரவில் நிற்பவரைவிடத் துணிச்சல்காரர்.

மீட்டரின் முகத்தில் கேட் 2, கேட் 3 என்று அச்சாகியிருக்கும். ரயில்வே கேட் அல்ல. கேட் 2 வீட்டு பிளக் பாயிண்ட் வரை. கேட் 3 மெயின் போர்டு, மோட்டார் ஸ்டார்டர். கேட் 4 கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வரும் இடம். எங்கோ இடி விழுந்தால் கண்ணிமைக்கும் முன் சில ஆயிரம் வோல்ட் ஓடிவரும். 600 வோல்ட் கேட் 3 மீட்டர் 6,000 வோல்ட் அதிர்ச்சியைத் தாங்க வேண்டும் என்பது கணக்கு. பேஸுக்குப் பேஸ் 415 ஓடும் பம்புசெட் கொட்டகைக்கு மஞ்சள் மீட்டரை எடுத்துப் போவது, கல்யாண வீட்டுச் செருப்போடு கரும்புத் தோட்டத்தில் இறங்குவது போல. தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை 1960களிலேயே வந்துவிட்ட ரயில் கம்பியில் 25,000 வோல்ட். அது இந்த ஆய்வின் வீச்சுக்கும் எந்தக் கை மீட்டரின் வீச்சுக்கும் அப்பாற்பட்டது. தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே தாவும்.

கள ஆய்வின் இறுதிநாள், மயிலம் பக்கம் ஒரு பம்புசெட் கொட்டகையில் வயர்மேன் அண்ணன் ஒருவர் ஸ்டார்டரைக் கழற்ற வந்தார். காலில் ரப்பர் செருப்பு, கையில் கேட் 3 மீட்டர். முதலில் மீட்டரின் வயர்களை விரலால் நீவி வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். உயிரோடிருந்த இன்னொரு லைனில் மீட்டரை வைத்தார்; 412. மெயினை இறக்கி, பீஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஸ்டார்டரில் கறுப்பு முனையை க்ளிப்பால் எர்த்தில் மாட்டி, சிவப்பை மட்டும் ஒற்றைக் கையில் பிடித்து, முனையின் விளிம்புக்குப் பின்னால் விரல்களை வைத்துக்கொண்டு மூன்று பேஸையும் தொட்டார். மற்றக் கை முதுகுக்குப் பின்னால். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். பிறகு பேஸுக்குப் பேஸ் மறுபடி மூன்று பூஜ்யம். ஆய்வாளர் குறிப்பேட்டை மூடினார். அவரோ திரும்பவும் அந்த உயிருள்ள லைனுக்குப் போய் மீட்டரை வைத்தார், 411.

“அதான் பார்த்தாச்சே அண்ணே, மறுபடி எதுக்கு?”

“நடுவுல இந்த வயரு அறுந்திருந்தா? அப்பவும் ஜீரோதான சார் காட்டும். இன்னா, கைய வெச்சிடுவீங்களா?”

அருணந்தியாரின் ஊர் திருத்துறையூர். அங்கே போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று ஆய்வாளர் விசாரித்தார். அண்ணன் ஸ்பேனரைக் கேட்டார்.