மீட்டர் நின்ற வண்டி

மச்சானுடைய வண்டியில் மணி மீட்டர் 7,312-இல் நின்று நாலு வருஷம் ஆகிறது. மண் அள்ளும் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது. என்ஜின் ஓடிய மணிதான் அதற்கு வயசு. ஆக, மச்சான் கணக்குப்படி அது நாலு வருஷமாக மூப்படையாமல் இருக்கிறது. பார்த்தால் அப்படித் தெரியாது.

கோவைக்கு வடக்கே அன்னூர்ப் பக்கம் தொழில். மனையைச் சமன் செய்வது, அஸ்திவாரம் தோண்டுவது, சின்னதாக வீடு கட்டித் தருவது, கட்டிய வீட்டைச் சுற்றி பேவர் பிளாக் பதித்து, மிச்ச இடத்தில் செம்மண் கொட்டிக் கொரியன் புல் நடுவது. இதற்கு ஒரு மஞ்சள் வண்டி, ஒரு கலவை மிஷின், ஒரு வைப்ரேட்டர், புல் வெட்டும் மிஷின் ஒன்று. நான்கின் வயசையும் கூட்டினால் வெள்ளைக்காரன் காலத்துக்குப் போய்விடும். இந்தக் கட்டுரையாளர் அதில் பங்குதாரர்: லாபத்தில் கால், வெல்டிங் செலவில் பாதி.

எந்தக் கம்பெனி செய்திருந்தாலும், மஞ்சளாக இருந்து, முன்னால் பெரிய வாளியும் பின்னால் ஒற்றைக் கையும் இருந்தால் அது ஊருக்கு ஜேசிபிதான். மச்சானுடையது எந்தக் கம்பெனி என்று இங்கே சொல்வது நியாயமில்லை. கிழவருக்கு மூட்டு வலித்தால் பெற்றவளைக் கேட்க முடியுமா? ஆனால் அந்த மூன்றெழுத்துக்குரியவரின் கதை மச்சானுக்கு மனப்பாடம். 1945-இல் ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்பவர் இங்கிலாந்தில் யுட்டாக்ஸிட்டர் என்ற ஊரில், ஒரு சின்ன கராஜில், போரில் மிஞ்சிய இரும்பை வெல்டிங் வைத்து ஒரு டிரெய்லர் செய்தார். விலை 45 பவுண்டு. வாங்கியவர் காசோடு தன் ஓட்டை வண்டி ஒன்றையும் தள்ளிவிட்டுப் போக, பாம்ஃபோர்ட் அதையும் தட்டிக் கொட்டி இன்னொரு 45 பவுண்டுக்கு விற்றார். புது வண்டி விற்க டை கட்டிக்கொண்டு யார் வந்தாலும் மச்சான் இந்தக் கதையை முழுசாகச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, "அவரே பழைய இரும்புலதானுங்க ஆரம்பிச்சாரு" என்று அனுப்பிவிடுவார்.

கஞ்சத்தனம் என்று மாமியார் சொல்கிறார். முழுக்க அப்படியும் இல்லை. புது வண்டி முப்பது லட்சத்தைத் தாண்டும். ஐப்பசியில் அடைமழை பிடித்து, மனையெல்லாம் சேறாகி, இருபது நாள் வேலை நின்றாலும் மாதத் தவணை அஞ்சாம் தேதி வந்து வாசலில் நிற்கும். பழைய வண்டி அப்படியில்லை. வேலை செய்தால்தான் செலவு வைக்கும். சில நாள் வேலை செய்யாமலும் வைக்கும் என்பது வேறு விஷயம்.

காலையில் செல்ஃப் எடுக்காத நாள்களில்தான் பங்குதாரருக்கு ஃபோன் வரும். காரென்றால் நாலு பேர் தள்ளலாம். இதில் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது. உள்ளே எண்ணெய் சுழன்றுதான் விசை கடத்தும். ஊரே கூடித் தள்ளினாலும் வண்டி நகரும், என்ஜின் அசையாது. ஒருமுறை இந்த விவரம் தெரியாமல் ஆறு பேர் தள்ளி, பக்கத்து மனை வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். அந்த மனைக்காரர், தன் இடத்தைத்தான் தோண்ட வந்திருக்கிறார்கள் என்று வாடகை பேச ஆரம்பித்துவிட்டார். கடைசியில் வேலை கொடுத்த வீட்டுக்காரரின் புதுக் காரிலிருந்து ஜம்பர் வயர் போட்டுக் கிளப்பினார்கள். வண்டி ஓடியது. அவர் ஆபீஸுக்கு ஆட்டோவில் போனார்.

பின் கையில் பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருப்பதால், வாளி நினைத்த இடத்துக்கு வலப்புறம் நாலு விரற்கடை தள்ளித்தான் இறங்கும். வழக்கமான டிரைவர் தம்பிக்கு அது பழகிவிட்டது. இடது பக்கம் குறி வைத்து வலது பக்கம் தோண்டுவார். அவர் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு போன அன்று வந்த மாற்று டிரைவர், நன்றாகக் கற்றுக்கொண்டவர். நேராகக் குறி வைத்தார். குடிநீர்க் குழாய் நேராக உடைந்தது. பத்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிற ஊரில் அன்றைக்குத்தான் தண்ணீர் விடும் நாள். தெருப் பெண்கள் குடத்தோடு வந்து நின்று மச்சானின் குலத்தை மூன்று தலைமுறை வரை விசாரித்தார்கள்.

பல வருஷம் முன்பே செய்வதை நிறுத்திய உதிரிப் பாகங்கள் கோவையில் கிடைக்காதே என்று வெளியூர்க்காரர்கள் பயப்படுவார்கள். ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்து மாட்டிப் பார்த்த ஜி.டி. நாயுடுவின் ஊர் இது. 1937-இல் அவர் தொழிற்சாலையிலிருந்து மின்மோட்டாரே வந்துவிட்டது. தேய்ந்த புஷ்ஷைக் காட்டினால் லேத் பட்டறைக்காரர் வெர்னியர் வைத்து ஒரு தரம் அளப்பார், மறுநாள் புதுசு தயார். ஆனால் கூடவே, "வண்டிய வித்துருங்க" என்ற அறிவுரையையும் கடைந்து கொடுப்பார். அதற்குத் தனியாகக் காசில்லை.

எல்லாவற்றையும் விட மோசம் கான்கிரீட் போடும் நாள்தான். மண் காத்திருக்கும், புல் காத்திருக்கும், சிமெண்ட் காத்திருக்காது. தண்ணீர் பட்டபின் அது இறுகத் தொடங்கக் குறைந்தது 30 நிமிஷமாவது ஆக வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். பக்குவமாகப் பிடித்தால் கொஞ்சம் கூடவும் கிடைக்கும். ஒரு சித்திரை மாதம், மேல்தளம் பாதி ஓடியிருக்கும்போது கலவை மிஷின் நின்றது. டிரம்முக்குள் ஒரு மூட்டைக் கலவை. சாரத்தில் பதினெட்டு ஆட்கள். அப்படியே விட்டால் பழைய கான்கிரீட்டும் புதுசும் ஒட்டாத இடத்தில் பின்னால் ஒழுகும். காரணம் தெரிய பத்து நிமிஷம் ஆனது: டீசல் வீணாகக் கூடாது என்று மச்சான் அளந்து ஊற்றியிருந்தார், டேங்க் காய்ந்து பைப்பில் ஏர் பிடித்துவிட்டது. ஸ்குரூவைத் தளர்த்தி ஏர் எடுத்து, வால்வு லீவரைத் தூக்கிவிட்டு, மச்சானும் கட்டுரையாளரும் மாற்றி மாற்றி ஹாண்டில் சுற்றினார்கள். மேஸ்திரி யாரையும் நம்பாமல் தகரத்தைப் போட்டு மண்வெட்டியால் கலக்க ஆரம்பித்துவிட்டார். ஏழாவது சுற்றில் கரும்புகை கக்கிக்கொண்டு என்ஜின் பிடித்தபோது சாரத்திலிருந்து கைதட்டல். வீட்டுக்காரர் மட்டும் தட்டவில்லை; மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

போன ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டார்கள். செல்ஃப் மோட்டாரைப் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், அறுந்து தொங்கிய ஏதோ ஒரு ஒயரையும் கூடவே முறுக்கிவிட்டான். பூசணிக்காய் உடைத்துக் கிளப்பினார்கள். சாயந்திரம் டிரைவர் தம்பி ஓடிவந்து சொன்னார்: "அண்ணா, மீட்டர் 7,313 காட்டுதுங்க!"

மச்சான் முகம் சுருங்கியது. "அந்த ஒயரக் கழட்டி விட்ரு தம்பி. அது பாட்டுக்கு நல்லா இருந்துச்சு."