மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் வீடியோ கேம்: ஒரு முதற்கட்ட ஆய்வு

அமெரிக்காவில் டாக்டராக ஆசைப்படும் பிள்ளைகளில் பெரும்பாலோர் நிரப்பும் பொது விண்ணப்பத்துக்கு ஆம்காஸ் என்று பெயர். அதில் செயல்பாடுகளுக்கு 15 இடங்கள். ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துகள், இடைவெளியும் கணக்கில் சேரும். ஆராய்ச்சி, தொண்டு, டாக்டர் பின்னாலேயே நடந்து வேடிக்கை பார்த்தது என எல்லாவற்றுக்கும் தனித்தனி வகை, பொழுதுபோக்குக்கும் ஒன்று. நமது ஆய்வுக்களம் அதுவே.

அங்கே செஸ் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. பியானோவுக்கும் நாற்காலி உண்டு. வீடியோ கேம் மட்டும் வாசலில் நிற்கிறது. பியானோவிலும் கேமிலும் உழைப்பது விரல்தான் என்றாலும், விருந்தாளி வந்தால் அம்மா வாசித்துக் காட்டச் சொல்வது பியானோவைத்தான்.

ஆகவே கேம் வேஷம் கட்டுகிறது. 'ராத்திரி முழுக்க வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடினேன்' என்பது, 'வெவ்வேறு ஊர்களில் இருந்த 40 பேர் கொண்ட குழுவை நெருக்கடியில் ஒருங்கிணைத்தேன்' என்றாகிறது. பொய்யில்லை. 2004இல் வெளிவந்த அந்த ஆட்டத்தின் ஆரம்பகாலப் பெரும் படையெடுப்புகள் 40 பேருக்கானவை. அடிபட்டவருக்கு உயிரூட்டும் பாத்திரமும் அதில் உண்டு. அதை ஆடியவர் மருத்துவ அனுபவம் என்ற வகையில் உரிமை கோரலாமா என்பது அறிஞர்கள் இன்னும் தொடாத சிக்கல்.

பெரிய சங்கடம், படிவம் கேட்கும் மணிக்கணக்கு. உள்ளதைப் போட்டால் ஆஸ்பத்திரித் தொண்டு வெட்கப்படும். குறைத்துப் போட்டால் இதெல்லாம் ஒரு பொழுதுபோக்கா என்றாகிவிடும். கேம் விற்கும் தளமான ஸ்டீமோ ஆடிய நேரத்தைத் தசமப்புள்ளியோடு எழுதி வைத்திருக்கிறது.

கேமின் தரப்புக்கு ஒரு சான்று. 2007இல் ஜேம்ஸ் ராசர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் 33 அறுவை மருத்துவர்கள். முன்பு வாரம் 3 மணி நேரத்துக்கு மேல் கேம் ஆடியவர்கள் லேப்ராஸ்கோப்பிப் பயிற்சியில் 37 சதவீதம் குறைவாகத் தவறு செய்தார்கள். 27 சதவீதம் வேகமாக முடித்தார்கள். கேம் கையைப் பழக்கியதா, பழகும் கை கேமைத் தேடிப் போனதா என்பதை இந்த எண்கள் சொல்லாது. தவிர, 33 பேரும் ஏற்கெனவே இடம் கிடைத்தவர்கள். விண்ணப்பிப்பவருக்கு இதனால் சல்லிக்காசு பயனில்லை.

எஞ்சுவது நேர்முகம். எதிரே இருக்கும் பேராசிரியரும் ஆடுபவராக அமைந்தால் ஆராய்ச்சி அனுபவம் பற்றிப் பேச நேரமே இருக்காது. ஆடாதவர் என்றால் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?" என்பார். தசமப்புள்ளி வரை பதில் சொல்ல வேண்டியதில்லை.