மெஷின் முதலா, படகு முதலா?

கேள்வி: ஃப்ளோரிடா பக்கம் படகிலேயே குடித்தனம் நடத்துகிறார்களாமே! அவர்களுடைய வாஷிங் மெஷினும் டிரையரும் கெட்டுப்போனால் எப்படி மாற்றுவார்கள்?

பதில்: கடைக்கு ஓடுவதற்கு முன் இஞ்ச் டேப்பைத் தேடுவார்கள். பல படகுகளில் மேல்தளத்தை மூடுவதற்கு முன்பே மெஷினை உள்ளே இறக்கிவிடுகிறார்கள். வாசல் பிறகுதான் வருகிறது. 24 அங்குல மெஷின், 22 அங்குல வாசல் என்றால் கணக்கு உதைக்காதா? ஜன்னலைக் கழற்றுவோர் உண்டு. மெஷினையே பிரித்து எடுப்போரும் உண்டு. பிரித்தால் உள்ளே கான்கிரீட் கட்டி! முன்பக்கம் திறக்கும் மெஷின் சுழலும்போது குதிக்காமலிருக்க, தயாரித்தவர்களே வைத்த கனம். மிதக்கவேண்டிய இடத்தில் இத்தனை நாள் கான்கிரீட்டைச் சுமந்திருக்கிறார்கள்.

புதிதாக வாங்குவோரில் பலர், துவைத்து உலர்த்தும் இரண்டு வேலையையும் ஒரே பெட்டி செய்யும் காம்போவுக்கு மாறுகிறார்கள். பல வகைகளுக்குச் சூடான காற்று வெளியேறப் படகில் ஓட்டை போடவேண்டாம். ஆனால் ஒரு லோடு முடிய மூன்று, நான்கு மணி நேரம் ஆகலாம். அதிலும் சில வகை, நீராவியைக் குளிர்விக்க, உலர்த்தும்போதும் தண்ணீர் குடிக்கும். டாங்க் தண்ணீரை அளந்து செலவழிப்பவர் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இன்னொன்று. மெஷினைக் கொண்டுவரும் வழியில் டிரம் ஆடாமல் பிடிக்கும் போல்ட்டுகளை வீட்டில் கழற்றியதும், வீடு மாறும்வரை மறந்துவிடலாம். படகில் பத்திரப்படுத்த வேண்டும். கொந்தளிக்கும் கடலில் போகுமுன் திரும்ப மாட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

கொடி கட்டிக் காயப்போடலாமே என்கிறீர்களா? படகு நிறுத்தும் பல மெரினாக்களில் அதற்குத் தடை. பார்க்க நன்றாயிருக்காதாம்!