கல்யாணப் பெண்ணின் கண்மையைக் குறைப்பது எப்படி?

தம்பி, மவுஸைத் தொடுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்: ஆல்பத்துக்குப் பணம் கொடுப்பது யார்? கண்ணில் எவ்வளவு மை மிஞ்சலாம் என்பது அதைப் பொறுத்தது. “கொஞ்சம் நேச்சுரலா பண்ணிடுங்கண்ணா” என்று பெண் சொல்லும். அதே படத்தைப் பார்த்து அதன் அம்மா, “இத்தனை ஆயிரம் கொடுத்துப் போட்ட மேக்கப் எங்கேப்பா?” என்பார். இருவரையும் ஒரே நேரத்தில் உன் மானிட்டர் முன்னால் உட்கார வைக்காதே.

முதலில் முகூர்த்தப் படங்கள். கண்ணுக்குக் கீழே கறுப்பு ஒழுகியிருந்தால் மேக்கப் போட்டவரைத் திட்டாதே. அது ஹோமப் புகை செய்த வேலை. அய்யர் நெய் ஊற்ற ஊற்றப் பெண்ணுக்குக் கண்ணீர் வரும். கேண்டிட் எடுக்க வந்தவர் பிறந்த வீட்டைப் பிரியும் சோகம் என்று நினைத்து அதைக் குளோசப்பில் அள்ளியிருப்பார். காலி லேயர் ஒன்று போட்டு, குளோன் ஸ்டாம்பின் மோடை லைட்டனுக்கு மாற்று. ஒபாசிட்டி 20, மிஞ்சினால் 25. பக்கத்து நல்ல தோலை ஆல்ட் அழுத்தி எடுத்துத் தடவினால், அதைவிடக் கறுத்த இடம் மட்டும் வெளுக்கும், மற்றது அசையாது. சாம்பிளை ‘கரண்ட் அண்ட் பிலோ’ என்று வைக்க மறந்தால் காலி லேயரிலிருந்து காலியை எடுத்துக் காலியில் பூசிக்கொண்டிருப்பாய். கீழிமைக்கு அடியில் உள்ள மெல்லிய மடிப்பை மட்டும் விட்டுவை. அது போனால் பெண்ணின் வாய் சிரிக்கும், கண் சிரிக்காது.

ரிசப்ஷன் படம் வேறு ரகம். லெஹங்காவுக்குப் பொருத்தமாக இமையில் மயில் நீலம், அதன்மேல் கிளிட்டர், அதற்கும் மேல் ஒட்டு இமை, உள்ளே சாம்பல் நிற லென்ஸ். நீலத்தைக் குறைக்க சாச்சுரேஷனை இழுக்காதே. நீலம் போய்ச் சாம்பல் பூத்து, தூக்கம் கெட்ட கண்ணாகிவிடும். புது லேயரை கலர் மோடில் வைத்து, கன்னத்து நிறத்தை எடுத்து, மெத்தென்ற பிரஷால் 15 சதவீதத்தில் பூசு. வெளிச்சமும் நிழலும் அப்படியே இருக்க, நிறம் மட்டும் அடங்கும்.

கிளிட்டர் இமையில் இருந்தால் அலங்காரம், கன்னத்தில் விழுந்தால் உனக்கு வேலை. ஸ்பாட் ஹீலிங் பிரஷை எடுத்து ஒவ்வொரு துணுக்காகத் தட்டு. அந்த வேகத்தில், பள்ளிக்கூட டி.சி.யில் அங்க அடையாளமாக எழுதியிருக்கும் மச்சத்தையும் தட்டிவிடாதே. ஒட்டு இமையின் ஓரம் பிரிந்து பசை தெரிந்தால் அதை மூடினால் போதும். முழு இமையையும் கழற்றப் பார்த்தால், அதற்குப் பின்னால் கேமரா பார்க்கவே பார்க்காத ஒரு கண்ணை நீ வரைய வேண்டியிருக்கும்.

கருவிழியில் மின்னும் வெள்ளைப் புள்ளி லைட்டின் பிரதிபலிப்பு. அழுக்கு என்று துடைத்துவிட்டால், கல்யாண ஆல்பத்தில் உயிரில்லாத பெண் உட்கார்ந்திருக்கும். விழி வெண்மைக்கும் சுண்ணாம்பு அடிக்காதே. எந்த மனிதக் கண்ணிலும் அது முழு வெள்ளை கிடையாது.

இப்போது தொழில் ரகசியம். பாதிப் படங்களில் குற்றம் மையுடையது அல்ல, பவுடருடையது. சிலிக்காவோ டைட்டானியம் டையாக்சைடோ கலந்த பவுடர், ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறமாக நிற்கும். அந்த வெள்ளைக்கு நடுவில் சாதாரண மையும் கதகளி மேடைக்குக் கிளம்பியது போலத் தெரியும். கர்வ்ஸில் முகத்தைக் கழுத்தளவுக்கு இறக்கிப் பார், மையில் கையே வைக்க வேண்டியிருக்காது. “பொண்ணைக் கறுப்பாக்கிட்டீங்க” என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும். மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடு. இதில் மட்டும் சண்டை போடு.

ஃபிலிம் காலத்து டச்சிங்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. நெகட்டிவில் கறுப்பு மை வெளிர்ந்து கிடக்கும். அந்த இடத்தில் கூர் சீவிய பென்சிலால் மெல்ல நிரப்பினால் பிரிண்டில் மை தணியும். அதிகமாக நிரப்பினால் கண்ணுக்குக் கீழே வெள்ளைத் திட்டு விழும், நெகட்டிவும் ஒன்றுதான். அந்தப் பயமே அவர்கள் கையைக் கட்டிவைத்தது. ஃபோட்டோஷாப் 1990-இல் வந்தது, அதில் ஹீலிங் பிரஷ் 2002-இல் வந்தது. கண்ட்ரோல் இசட் இருப்பதால் நமக்குப் பயம் விட்டுப்போனது, கூடவே நிறுத்தும் புத்தியும்.

ஆகவே 300 சதவீதம் பெரிதாக்கி வைத்துக்கொண்டு இமை மயிர் எண்ணாதே. அந்த அளவில் எவர் கண்ணும் பயமாகத்தான் இருக்கும். ஆல்பத்தில் அந்த முகம் எத்தனை அங்குலம் வருமோ, அந்த அளவில் வைத்துப் பார். ஒரு பக்கத்தில் மை குறைத்துவிட்டு அடுத்த பக்கத்தில் மறந்துவிட்டால், மாப்பிள்ளை ஒரே மேடையில் இரண்டு பெண்களோடு நிற்பது போல ஆகிவிடும். எல்லாப் படத்தையும் செய்ய நேரமில்லை என்றால் பெரிய படங்களை மட்டும் செய். கூட்டப் படத்தில் பெரியப்பாவுக்குப் பின்னால் நிற்கும் கண்ணை யாரும் பார்க்கப்போவதில்லை.

மேக்கப் போட்ட அம்மணிக்கு உன் வேலையை அனுப்பாதே. அவர் இன்ஸ்டாகிராமில் போட ஒரிஜினல்தான் கேட்பார்; ஒரிஜினலையே கொடுத்துவிடு. அவர் ஏற்றிய மையை நீ இறக்கியது தெரிந்தால், அடுத்த கல்யாணத்துக்கு உன் பெயரைச் சொல்ல மாட்டார்.

லேயர் பிரிந்த ஃபைலை ஆல்பம் போன பிறகும் அழிக்காதே. முதல் ஆண்டு நிறைவுக்கு ஃபிரேம் போட வரும்போது, கண்மை கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும் என்று அதே பெண் கேட்கும். அதற்குத் தனிக் கட்டணம் என்று இப்போதே ரசீதில் எழுதிக் கொடு.