நூற்றுக்கு நூறு

2022 ஜூலையில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வழிவிட்டது: ஓட்டுகிற தூரத்துக்கும் விதத்துக்கும் ஏற்ப கார் பிரீமியம். ஸ்டீயரிங்குக்குக் கீழே கோளாறு கண்டறிவதற்கான ஓபிடி சாக்கெட்டில் கண்காணிப்புக் கருவியைச் செருகினால், சடன் பிரேக் உட்பட சகலமும் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போய்விடும்.

வாரம் ஒருமுறை கோயிலுக்குப் போய்வரும் கார்புரேட்டர் மாருதி 800தான் இதற்கு லாயக்கான வண்டி. அதில் சாக்கெட்டே கிடையாது. தலையை உள்ளே விட்டுத் தேடினால் ஒட்டடைதான் மிச்சம்.

சாக்கெட் உள்ள பழைய வண்டியா? நிறுத்திவைத்தாலும் கருவி பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். பிறகு தள்ளித்தான் கிளப்ப வேண்டும். தள்ளுகிற வண்டியில் சடன் பிரேக் ஏது? ஓட்டும் விதத்துக்கு மதிப்பெண் நூற்றுக்கு நூறு!

தள்ளுபடியோ சொந்தச் சேதப் பிரீமியத்தில் மட்டும். பழைய காருக்கு அதுவே சொற்பம். தேர்ட் பார்ட்டி கட்டணம் அரசு வைத்தது, அசையாது. மிச்சமாகும் காசில் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் வாங்கலாம்.