டாக்டர் மார்க்ஸுக்கு ஒரு வேலை வேண்டும்

1841 ஏப்ரலில் பெர்லினிலிருந்து யேனா பல்கலைக்கழகத்துக்கு ஒரு தபால் கட்டு போனது. எபிக்யூரஸும் டெமாக்ரிட்டஸும் அணு விஷயத்தில் எங்கெங்கே முட்டிக்கொண்டார்கள் என்று ஆராயும் ஏடு ஒன்று அதில் இருந்தது. ஒன்பதே நாளில் பட்டம் வந்துவிட்டது. வைவா கிடையாது, கைடு வீட்டுக்குக் காய்கறி வாங்கிப் போகும் படலம் கிடையாது, மாணவர் யேனா பக்கம் தலைகாட்டவே இல்லை. படித்தது பெர்லினில்தான், ஆனால் யேனாவில் காரியம் சுருக்கவும் மலிவாகவும் முடியும் என்பது அன்றைய மாணவர்களுக்குத் தெரிந்த சங்கதி. இப்படியாக, 23 வயது முடியச் சில வாரங்களே இருக்கும்போது, கார்ல் மார்க்ஸ் டாக்டர் மார்க்ஸ் ஆனார்.

ஏட்டைச் சமர்ப்பித்தது யாருக்கு? காதலி ஜென்னியின் அப்பா லுட்விக் ஃபான் வெஸ்ட்ஃபாலனுக்கு. வருங்கால மாமனாருக்கு எபிக்யூரஸைச் சீராகக் கொடுத்த மாப்பிள்ளை வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. நிச்சயமாகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. பாக்கி இருந்தது ஒன்றுதான்: மாப்பிள்ளைக்கு ஒரு உத்தியோகம்.

வக்கீல் தொழில் எப்போதோ கைநழுவியிருந்தது. டிரியர் நகரத்தில் அப்பா ஹைன்ரிஷ் வக்கீல். பையனும் கறுப்பு அங்கி மாட்டுவான் என்று நம்பித்தான் பான் நகரத்துக்குப் படிக்க அனுப்பினார். பையன் அங்கே குடிகாரச் சங்கத்தின் தலைவர்களில் ஒருவனாகி, ராத்திரியில் கலாட்டா செய்து, பல்கலைக்கழகச் சிறையில் ஒரு நாள் இருந்தான். பெர்லினுக்கு மாற்றிப் பார்த்தார். ஒரே வருஷத்தில் ஏறக்குறைய 700 தாலர் காலி. பெரிய பணக்காரப் பிள்ளைகளுக்கே 500க்குள் முடிகிறதே என்று அப்பா கடிதத்தில் புலம்பியிருக்கிறார். பிற்காலத்தில் மூலதனத்தைப் பற்றி எழுதப்போகிறவர், அதைக் கரைப்பது எப்படி என்ற களப்பணியை அப்போதே ஆரம்பித்துவிட்டார் போலும். 1838ல் அப்பா போய்ச் சேர்ந்தார். சட்டப் படிப்பை நச்சரிக்க ஆளில்லை.

அடுத்தது வாத்தியார் வேலை. பான் நகரத்தில் நண்பர் புரூனோ பவுவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் பரீட்சைக் கூத்தைச் சீக்கிரம் முடித்துத் தொலைத்துவிட்டு வா என்று கடிதம் மேல் கடிதம். திட்டம் என்னவோ பிரமாதம். ஒரே ஒரு ஓட்டைதான்: சிபாரிசு செய்கிறவர் இறையியல் ஆசிரியர், அவர் எழுதிய புத்தகங்களோ சுவிசேஷங்கள் கற்பனை என்று வாதிட்டன. பிரஷ்ய அரசு எவ்வளவு நாள் பொறுக்கும்? 1842 மார்ச்சில் அவருடைய கற்பிக்கும் அனுமதியைப் பிடுங்கிக்கொண்டது. சீடனின் நாற்காலியும் அதோடு போயிற்று. துக்கம் கொண்டாட வேண்டிய நேரத்தில் இருவரும் ஆளுக்கொரு கழுதையை வாடகைக்குப் பிடித்து ஊர்வலம் போனார்கள். பான் நகரத்துப் பெரிய மனிதர்கள் வாய் பிளந்து நின்றார்களாம். நாங்கள் ஆர்ப்பரித்தோம், கழுதைகள் கத்தின என்கிற மாதிரி பவுவர் தம்பிக்கு எழுதியிருக்கிறார். வேலை போன பிறகு எத்தனை பேருக்கு இந்தத் தெம்பு வரும்!

அம்மாவிடம் கேட்கலாமென்றால், அவர் உயிரோடு இருக்கும்வரை சொத்தில் கை வைக்க முடியாது என்ற நிலை. மீதி இருந்தது பத்திரிகை. கொலோன் நகரத்து ‘ரைனிஷே ஸைட்டுங்’கில் 1842 அக்டோபரில் ஆசிரியரானார். காட்டில் விறகு பொறுக்கிய ஏழைகளைத் திருடர்களாக்கும் சட்டத்தைக் கிழிகிழி என்று கிழித்தார். அரசாங்கம் தணிக்கை அதிகாரிகளை ஏவியது. தாந்தேயின் ‘தெய்வீக நாடகம்’ மொழிபெயர்ப்புக்கான விளம்பரத்தைப் பார்த்து, தெய்வத்தை வைத்தா நாடகம் என்று நிறுத்திய புண்ணியவான் அவர்களில் ஒருவர். இன்னொரு அதிகாரி மனைவியையும் கல்யாண வயதுப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு கவர்னர் வீட்டு நடன விருந்துக்குப் புறப்பட வேண்டும், புரூஃப் வந்தபாடில்லை. பதறியடித்து, ராத்திரி பதினோரு மணி வாக்கில் வண்டியோடு மார்க்ஸ் வீட்டு வாசலுக்கே வந்து மணியடித்தார். மாடி ஜன்னல் திறந்தது.

“புரூஃப் எங்கேய்யா?”

“இல்லை.”

“என்னய்யா இல்லை?”

“நாளைக்குப் பேப்பரே போடலை!”

ஜன்னல் படார். மார்க்ஸ் பின்னாளில் சொல்லிச் சிரித்த கதை என்பார்கள். மசாலா எவ்வளவு சேர்த்தாரோ. ரஷ்ய ஜாரையும் வம்புக்கிழுத்ததில் கடை மூடும் உத்தரவு வந்தது. 1843 மார்ச்சோடு பத்திரிகையே இல்லை.

கையில் வேலை இல்லாத இந்தச் சுபமுகூர்த்தத்தில்தான், அதே வருஷம் ஜூனில், ஜென்னி அவரைக் கட்டிக்கொண்டார். ஜென்னியின் அம்மா கொடுத்த பணப்பெட்டியைத் தேனிலவில் ஹோட்டல் அறையில் திறந்தே வைத்திருந்தார்களாம். வந்த நண்பர்கள் வேண்டியதை அள்ளிக்கொண்டார்கள்.

வருஷங்கள் ஓடியும் உத்தியோகம் மட்டும் அமையவில்லை. 1862ல் மார்க்ஸ் லண்டனில் இருந்தார். நண்பர் எங்கெல்ஸ் அனுப்பும் பணத்தில் வண்டி ஓடியது. வேறு வழியில்லாமல் டாக்டர் ஒரு ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டார். கையெழுத்து சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கிறுக்கலைப் படித்து அச்சுக்குப் படியெடுக்கும் வேலை ஜென்னிக்குத்தான் கிடைத்திருந்தது. அதற்கும் சம்பளம் இல்லை.